வைரசா, நம் உடம்பின் நொதியமா? கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் பற்றி ஒரு தங்கச்சிக்கு எழுதிய பதில்

இலங்கை மலையகத்தில் பொகவந்தலாவைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலிருந்து ஒரு தங்கச்சி கேட்டிருக்கிறார். உயர்தரத்தில் உயிரியல் படித்தவர். பெரியம்மாவுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் வந்து சிகிச்சை நடக்கிறது. இது வைரசால் வருவது என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்களாம். வீட்டுக்கு வந்து இணையத்தில் தேடினால், வைரசை எதிர்க்க நம் உடம்பு வைத்திருக்கிற ஒரு நொதியமே நம் டி.என்.ஏ.யைத் திருத்திப் புற்றுநோயை உண்டாக்குகிறது என்று போட்டிருக்கிறதாம். அப்படியென்றால் வைரஸ் மேல் ஏன் பழி போடுகிறார்கள், தடுப்பூசி போட்டு என்ன பயன், இது குடும்பத்தில் இறங்கி வருமா, ஒரு கோளாறும் இல்லாத என் அம்மாவை மிட்வைஃப் மிஸ் எதற்குக் கிளினிக்குக்குக் கூப்பிடுகிறார் என்று வரிசையாகக் கேட்டிருக்கிறார்.

தங்கச்சி, ஆஸ்பத்திரியில் சொன்னது சரி. நீங்கள் படித்ததும் சரிதான். இரண்டும் ஒரே கதையின் முன்பாதியும் பின்பாதியும். முன்பாதி இல்லாமல் பின்பாதி நடக்காது. உங்கள் எல்லாக் கேள்விகளுக்கும் பதில் அந்த வரிசையில்தான் இருக்கிறது. கருப்பைக் கழுத்திலிருந்து வழித்தெடுத்த கலங்களைப் பூசிய பாப் ஸ்மியர் ஸ்லைட்டுகளை நுணுக்குக்காட்டியில் பார்க்கிற வேலையில் பல காலம் இருந்ததால் இந்த விஷயம் எனக்குப் பழக்கம். கொஞ்சம் நீளமாகத்தான் எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் வைரஸ். எச்.பி.வி. என்று சொல்கிற பப்பிலோமா வைரசில் இருநூறுக்கும் மேற்பட்ட வகைகள் உண்டு. கையில் காலில் மரு உண்டாக்குவதும் இந்தக் குடும்பம்தான். அவற்றில் பத்துப் பதினைந்து வகைகள் மட்டும் ஆபத்தானவை. 16ஆம் வகையும் 18ஆம் வகையும் சேர்ந்தே கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் ஏறத்தாழ 70 சதவீதத்துக்குக் காரணம். 16ஆம் வகையை 1983இல் புற்றுநோய் இழையத்திலிருந்து பிரித்துக் காட்டியது ஜெர்மனியில் ஹரால்ட் சூர் ஹவுசன் நடத்திய ஆய்வுகூடம். அதற்காக அவருக்கு 2008இல் நோபல் பரிசு கிடைத்தது. ஹெர்ப்பிஸ் வைரஸ்தான் குற்றவாளி என்று பலர் நினைத்திருந்த காலத்தில் அவர் இதைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

இந்த வைரசின் டி.என்.ஏ. மிகச் சின்னது. சுமார் 7,900 மூலச் சோடிகள், அதாவது எழுத்துகள், வளையமாக. நம்முடையது 300 கோடிக்கும் மேல். அந்தச் சின்ன வளையத்தில் ஈ6, ஈ7 என்று இரண்டு பரம்பரையலகுகள் (ஜீன்கள்) இருக்கின்றன. கெட்ட காரியமெல்லாம் அவை இரண்டாலும்தான். நம் கலத்தின் டி.என்.ஏ. பழுதானால் பிரிவை நிறுத்தி, தேவைப்பட்டால் கலத்தையே சாகவைக்கிற பி53 என்ற புரதத்தை ஈ6 அழிக்கவைக்கிறது. கலம் எப்போது பிரியலாம் எப்போது கூடாது என்று கட்டுப்படுத்துகிற ஆர்.பி. புரதத்தை ஈ7 தீர்த்துக்கட்டுகிறது. வேறு பல புற்றுநோய்களில் பி53 பரம்பரையலகே விகாரமடைந்து, அதாவது எழுத்து மாறிக் கெட்டுப்போய்க் கிடக்கும். கருப்பைக் கழுத்துப் புற்றுநோயில் அப்படிக் காண்பது அரிது. வைரஸ் அந்த வேலையைப் பார்த்துவிடுவதால் விகாரம் தேவைப்படுவதில்லை.

ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். ஈ6உம் ஈ7உம் மட்டும் போதுமென்றால் தொற்று வந்த எல்லாருக்கும் புற்றுநோய் வரவேண்டும். வருவதில்லையே. பத்தில் ஒன்பது தொற்றுகள் இரண்டு வருடத்துக்குள் தானாகவே அடங்கிவிடுகின்றன. அடங்காமல் தங்கிவிட்டதில்கூட, புற்றுநோயாக மாறப் பத்து, இருபது வருடங்கள் போகும். அவ்வளவு காலம் கலம் எதற்காகக் காத்திருக்கிறது? கலத்தின் சொந்த டி.என்.ஏ.யில் இன்னும் சில விகாரங்கள் சேரவேண்டும். அந்த விகாரங்களைக் கொண்டுவந்து சேர்ப்பது யார் என்று தேடிப்போனபோதுதான் நீங்கள் படித்த நொதியம் மாட்டியது.

அதன் பெயர் ஏபோபெக் 3. ஒன்றல்ல, ஏழு. நமது 22ஆம் நிறமூர்த்தத்தில் (குரோமோசோமில்) ஏழு பரம்பரையலகுகளும் ஒன்றையொன்று ஒட்டி வரிசையாக இருக்கின்றன: 3ஏ, 3பி, 3சி, 3டி, 3எஃப், 3ஜி, 3எச். எலிக்கு ஒன்றே ஒன்றுதான். குரங்கினமும் மனிதனும் பல கோடி ஆண்டுகளாக வைரசுகளோடு மல்லுக்கட்டியதில் அது பெருகி ஏழானது. 2002இல் இதில் 3ஜி எச்.ஐ.வி.யைத் தடுக்கிறது என்று கண்டுபிடித்தார்கள். அதை முறியடிக்க எச்.ஐ.வி. விஃப் என்று தனியாக ஒரு புரதமே வைத்திருக்கிறது. 2022இல் பரவிய குரங்கம்மை வைரசின் டி.என்.ஏ.யிலும் இந்த நொதியங்கள் கடித்த தடம் நிறையக் கிடந்தது. ஆகவே இவை நம் உடம்பில் தவறிப்போய் வந்து உட்கார்ந்தவை இல்லை. இவை இல்லாவிட்டால் நாம் இன்னும் அதிகமாக வைரசிடம் அடி வாங்கியிருப்போம்.

செய்கிற வேலை ஒரே ஒரு சின்ன இரசாயன மாற்றம். டி.என்.ஏ.யின் நான்கு மூலங்களில் ஒன்றான சைற்றோசினிலிருந்து அமைன் கூட்டத்தைக் கழற்றிவிடும். சைற்றோசின் அப்போது யுராசில் ஆகிவிடும். யுராசில் ஆர்.என்.ஏ.யில் இருக்கவேண்டியது, டி.என்.ஏ.யில் இருக்கக்கூடாது என்று உயர்தரத்தில் படித்திருப்பீர்கள். வைரசின் டி.என்.ஏ. முழுக்க இப்படி யுராசில் தூவிவிட்டால் அதன் செய்தி குழம்பிப்போகும். வைரஸ் செத்த மாதிரிதான்.

நம் கலத்தின் டி.என்.ஏ.யில் இது நடந்தால்? பெரும்பாலும் திருத்தப்படும். யுராசிலைக் கண்டுபிடித்து வெட்டி எடுக்கிற நொதியம் நம்மிடம் உண்டு. திருத்துவதற்கு முன்பே கலம் டி.என்.ஏ.யைப் பிரதிசெய்துவிட்டால், யுராசிலைத் தைமின் என்று வாசித்துவிடும். சைற்றோசின் இருந்த இடத்தில் தைமின் நிரந்தரமாகிவிடும். யுராசிலை வெட்டி எடுத்து, ஓட்டையை நிரப்புவதற்குள் பிரதி நடந்தால் சில நேரம் அந்த இடத்தில் குவானின் வந்து உட்காரும். இப்படி இரண்டு வகைத் தடம். புற்றுநோய் விகாரங்களை வகைப்படுத்துகிறவர்கள் இவற்றுக்கு 2ஆம் கையொப்பம், 13ஆம் கையொப்பம் என்று இலக்கம் போட்டு வைத்திருக்கிறார்கள். 2013இல் ஆயிரக்கணக்கான புற்றுநோய்களின் டி.என்.ஏ.யை ஒப்பிட்டபோது இந்தக் கையொப்பங்கள் மிக அதிகமாகத் தெரிந்த புற்றுநோய்களில் கருப்பைக் கழுத்துப் புற்றுநோயும் ஒன்று. சிறுநீர்ப்பை, மார்பகம், தலை கழுத்துப் பகுதி ஆகியவற்றிலும் உண்டு.

கையொப்பம் என்று எப்படிச் சொல்கிறார்கள்? இந்த நொதியங்கள் எல்லாச் சைற்றோசினையும் தொடுவதில்லை. 3ஏக்கும் 3பிக்கும் பிடித்தது தைமினுக்கு அடுத்து நிற்கிற சைற்றோசின். அதாவது ரி-சி என்று வருகிற இடம். வெயிலால் வந்த விகாரம் வேறு மாதிரி இருக்கும், சிகரட் புகையால் வந்தது வேறு மாதிரி இருக்கும். விகாரம் விழுந்த இடத்தின் அக்கம்பக்கத்தைப் பார்த்தே யார் வேலை என்று சொல்லலாம்.

இன்னொன்று, இவை இரட்டைப் பட்டிகையாக முறுக்கிக் கிடக்கிற டி.என்.ஏ.யைத் தொடமாட்டா. ஒற்றைப் பட்டிகையாகப் பிரிந்து நிற்கும்போதுதான் கடிக்கும். தேயிலை மலையில் புல்லுக்கு மருந்தடிக்கும்போது காற்றில் சாரல் செடி மேலும் விழும், முற்றிய தண்டுக்கு ஒன்றும் ஆகாது, இளங்கொழுந்து கருகும், பார்த்திருப்பீர்கள். அதே கணக்கு. சும்மா இருக்கிற கலத்தின் டி.என்.ஏ. முற்றிய தண்டு. ஓயாமல் பிரிந்துகொண்டிருக்கிற கலத்தில், பிரதிசெய்வதற்காக டி.என்.ஏ. திறந்து நிற்கும். முறிந்து திருத்தப்படும் இடங்களிலும் அப்படியே. அந்த இடங்களில்தான் கடி விழுகிறது.

இப்போது வைரசையும் நொதியத்தையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். எச்.பி.வி. தொற்றிய கலத்தில் இரண்டு விஷயம் ஒரே நேரத்தில் நடக்கிறது. ஒன்று, நொதியம் கூடுகிறது. 16ஆம் வகை போன்ற ஆபத்தான எச்.பி.வி.யின் ஈ6 புரதம் 3பி உற்பத்தியைக் கூட்டுகிறது என்று 2014இல் காட்டினார்கள். ஈ7, 3ஏ சீக்கிரம் சிதைந்துபோகாமல் தாங்கிப்பிடிக்கிறது என்று பிறகு வந்த ஆய்வுகள் சொல்கின்றன. இன்டர்ஃபெரோன் சுரந்தாலும் 3ஏ கூடும், அது வைரசுக்கு எதிரான சாதாரண எதிர்வினை. மற்றது, ஆர்.பி. தடை போய்விட்டதால் கலம் நிற்காமல் பிரிகிறது, டி.என்.ஏ. அடிக்கடி ஒற்றைப் பட்டிகையாகத் திறக்கிறது. கடிக்கிற நொதியமும் கூட, கடிபடுகிற இடமும் கூட. அதோடு, பழுதான கலத்தைச் சாகவைக்கவேண்டிய பி53உம் இல்லை. வழக்கமாகச் செத்துப்போயிருக்கவேண்டிய கலம், கடிபட்ட டி.என்.ஏ.யோடு உயிரோடு இருந்து, பிரிந்து, அந்தக் கடியைப் பிள்ளைக் கலங்களுக்கும் கொடுக்கிறது.

வெறும் ஊகமாகச் சொல்லவில்லை, ஒரு இடத்தைக் கிட்டப் போய்ப் பார்ப்போம். கலம் வளர்வதற்கான சமிக்ஞையைக் கடத்துகிற ஒரு நொதியத்தின் பரம்பரையலகு பிக்-3-சி-ஏ. கருப்பைக் கழுத்துப் புற்றுநோய்களில் ஏறத்தாழக் கால்வாசியில் இது விகாரமடைந்திருக்கும். அந்த விகாரம் கண்ட கண்ட இடத்தில் விழுவதில்லை, பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான்: 542ஆவது அமினோ அமிலம், 545ஆவது அமினோ அமிலம். 542க்கான மூன்றெழுத்து ஜீ-ஏ-ஏ. அது ஏ-ஏ-ஏ ஆகிவிடுகிறது. 545க்கானது ஜீ-ஏ-ஜீ. அது ஏ-ஏ-ஜீ ஆகிவிடுகிறது. இரண்டிலும் முதல் எழுத்தான குவானின் அடினினாகிறது. சைற்றோசினே இல்லையே, ஏபோபெக் எங்கே வந்தது என்று கேட்பீர்கள். எதிர்ப் பட்டிகையைப் பாருங்கள். ஜீ-ஏ-ஏக்கு எதிரே அதன் திசையில் வாசித்தால் ரி-ரி-சி. ஜீ-ஏ-ஜீக்கு எதிரே சி-ரி-சி. இரண்டிலும் கடைசிச் சைற்றோசினுக்கு முன்னால் தைமின் நிற்கிறது. ஏபோபெக்குக்குப் பிடித்த அதே ரி-சி. ஒரு தாளை எடுத்து எழுதிப் பாருங்கள், ஐந்து நிமிட வேலை.

இந்த மாற்றத்தால் குளூற்றமிக் அமிலம் இருந்த இடத்தில் லைசீன் வந்துவிடுகிறது. மறை ஏற்றம் இருந்த இடத்தில் நேர் ஏற்றம். அதை அடக்கிவைத்திருந்த பிடி தளர்ந்து நொதியம் ஓய்வில்லாமல் வேலை செய்யத் தொடங்கும். இதே பிக்-3-சி-ஏயில் மார்பகப் புற்றுநோயில் அதிகம் காண்கிற இன்னொரு விகாரம் 1047ஆவது இடத்தில் இருக்கிறது. அது சி-ஏ-ரி, சி-ஜீ-ரி ஆவது; அடினின் குவானினாவது. அந்த மாற்றத்தை ஏபோபெக்கால் செய்யவே முடியாது. எச்.பி.வி.யால் வந்த புற்றுநோய்களில் அந்த 1047 அரிது. 542உம் 545உம்தான் மேலோங்கி நிற்கின்றன. 2014இல் இந்த வேறுபாட்டை எடுத்துக்காட்டிய ஆய்வுதான் எனக்கு இந்த விஷயத்தில் முழு நம்பிக்கை தந்தது. நொதியம் கூடியிருக்கிறது என்று மட்டும் சொன்னால் அது பக்கத்தில் சும்மா நின்ற சாட்சியாக இருக்கலாம். கை வைத்த இடமே இதுதான் என்று காட்டும்போது மறுப்பது கஷ்டம்.

ஏழில் எது கை வைத்தது என்பதில் மட்டும் ஆய்வாளர்களுக்குள் நீண்ட இழுபறி. முதலில் எல்லாரும் 3பி என்றார்கள், அது டி.என்.ஏ. இருக்கிற கலக் கருவுக்குள்ளேயே இருப்பதால். பிறகு ரி-சிக்கு முன்னால் உள்ள எழுத்தையும் சேர்த்துப் பார்த்தபோது 3ஏயின் விருப்பமும் 3பியின் விருப்பமும் கொஞ்சம் வித்தியாசப்படுவது தெரிந்தது. பல புற்றுநோய்களில் தடம் 3ஏயின் பக்கம் சாய்ந்தது. 2022இல் மார்பகப் புற்றுநோய், நிணநீர்ப் புற்றுநோய்க் கலங்களில் இந்தப் பரம்பரையலகுகளை ஒவ்வொன்றாக அகற்றிப் பார்த்தார்கள். 3ஏயை அகற்றியபோதுதான் புதிய விகாரங்கள் நன்றாகக் குறைந்தன. 3பியின் பங்கு சின்னது. அது கருப்பைக் கழுத்துக் கலங்களில் செய்த சோதனை அல்ல, ஆனாலும் என் மனம் 3ஏ பக்கம்தான். நோயாளிக்கு இது எதுவாக இருந்தாலும் ஒன்றுதான், மேலே போவோம்.

இனித்தான் எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இந்த நொதியம் வைரசையும் கடிக்கிறது என்றேனே, அது கருப்பைக் கழுத்தில் உண்மையிலேயே நடக்கிறதா? நடக்கிறது. பாரிசில் பாஸ்டர் நிறுவன ஆய்வாளர்கள் 2008இல் மருவிலிருந்தும், கருப்பைக் கழுத்தின் புற்றுநோய்க்கு முந்திய நிலை இழையத்திலிருந்தும் எடுத்த எச்.பி.வி. டி.என்.ஏ.யில் இந்தக் கடியைக் காட்டினார்கள். 2020இல் அதைவிடப் பெரிய வேலை ஒன்று வெளிவந்தது. 5,328 பெண்களின் மாதிரிகளிலிருந்து 16ஆம் வகை வைரசின் முழு டி.என்.ஏ.யையும் வாசித்து, புற்றுநோயோ அதற்கு முந்திய நிலையோ வந்தவர்களின் வைரசையும் வராதவர்களின் வைரசையும் ஒப்பிட்டார்கள். ஏபோபெக் கடி அதிகம் இருந்தது யாருடைய வைரசில் தெரியுமா? நோய் வராதவர்களுடையதில். புரதத்தை மாற்றுகிற கடிகள் நோய் வந்தவர்களின் வைரசில் சுமார் 30 சதவீதம் குறைவு. கடிபட்ட வைரஸ் தளர்ந்து ஒழிந்துபோகிறது, கடிபடாமல் தப்பியது தங்கிவிடுகிறது என்பதே அவர்கள் எடுத்த முடிவு. இதற்கு முன்னால் 2017இல் ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட மாதிரிகளின் வைரசில் ஈ7 பகுதியைப் பார்த்தபோதும் இப்படித்தான்: புற்றுநோய்க்குப் போன வைரஸ்களில் ஈ7 கிட்டத்தட்ட மாறாமல் அப்படியே இருந்தது.

ஆகவே ஒரே நொதியம். அதன் கடி வைரசின் 7,900 எழுத்தில் விழுந்தால் பெண் பிழைத்துக்கொள்கிறாள். வைரஸ் தப்பி வருடக்கணக்கில் தங்கிவிட்டால், அதே கடி அவளுடைய 300 கோடியில் விழத் தொடங்குகிறது. பெரும்பாலானவை ஒன்றும் செய்யாத இடங்களில் விழும். எப்போதாவது ஒன்று பிக்-3-சி-ஏ போன்ற இடத்தில் விழும். இடையில் வைரசின் டி.என்.ஏ. முறிந்து நம் நிறமூர்த்தத்துக்குள்ளேயே செருகிக்கொள்வதும் உண்டு. அப்போது ஈ6, ஈ7 கட்டுப்பாடில்லாமல் உற்பத்தியாகும். இவையெல்லாம் கூடிவரத்தான் அந்தப் பத்து, இருபது வருடம்.

இதற்காக "நம் எதிர்ப்புசக்தியே நமக்கு எமன்" என்று எழுதுகிறவர்களை நம்பாதீர்கள். எச்.ஐ.வி. வந்தோ, சிறுநீரக மாற்றுக்குப் பிறகு மருந்து குடித்தோ எதிர்ப்புசக்தி குறைந்தவர்களுக்குக் கருப்பைக் கழுத்துப் புற்றுநோய் அபாயம் கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. அதேபோல எதிர்ப்புசக்தியைக் கூட்டும் பொடி, கசாயம் என்று விற்கிறவர்கள் நாளைக்கு ஏபோபெக் பெயரையும் சேர்த்துக்கொள்வார்கள். இந்த நொதியத்தைக் கூட்டவோ குறைக்கவோ கடையில் வாங்கக்கூடிய எதுவும் கிடையாது. அதைத் தடுக்கும் மருந்துக்கான வேலை ஆய்வுகூட மட்டத்தில் நடக்கிறது. இரத்தம் எடுத்து ஏபோபெக் பார்க்கிறோம் என்று யாராவது சொன்னால் காசைப் பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள்.

தடுப்பூசிக் கேள்விக்கு வருகிறேன். தடுப்பூசியில் இருப்பது வைரசின் வெளிக்கூடு மாதிரியே செய்த வெற்றுக் கூடு. உள்ளே டி.என்.ஏ. இல்லை, ஈ6 இல்லை, ஈ7 இல்லை. அதைப் பார்த்து உடம்பு பிறபொருளெதிரி செய்து வைத்துக்கொள்ளும். அப்புறம் உண்மையான வைரஸ் வந்தால் கலத்துக்குள் நுழைவதற்கு முன்பே பிடிபடும். நுழையாவிட்டால் ஈ6 யாரைத் தூண்டும்? நொதியம் பாட்டுக்கு அதன் அளவோடு இருக்கும். முன்பாதியை வெட்டிவிட்டால் பின்பாதி தொடங்கவே தொடங்காது என்று முதலில் சொன்னேனே, அதற்கு ஆதாரமும் இருக்கிறது. சுவீடனில் 17 வயதுக்கு முன் தடுப்பூசி போட்ட பெண்களிடம் இந்தப் புற்றுநோய் 88 சதவீதம் குறைந்ததாக 2020இல் வெளியிட்டார்கள். இங்கிலாந்தில் 12, 13 வயதில் தடுப்பூசி கிடைத்த பிள்ளைகளிடம் 87 சதவீதம் குறைந்ததாக 2021இல் வந்தது. இலங்கையில் 2017 முதல் தரம் 6 பெண்பிள்ளைகளுக்குப் பாடசாலையிலேயே இலவசமாகப் போடத் தொடங்கினார்கள், ஆறு மாத இடைவெளியில் இரண்டு ஊசி. உங்கள் லயத்தில் அந்த வயதுப் பிள்ளைகள் இருந்தால், சம்மதக் கடிதம் வீட்டுக்கு வரும்போது தாய்மாரிடம் எடுத்துச் சொல்லுங்கள். பிள்ளை உண்டாகாமல் போகும் என்று ஒரு கதை சுற்றுகிறது. அதில் துளியும் உண்மையில்லை.

ஏற்கெனவே தங்கிவிட்ட வைரசைத் தடுப்பூசி விரட்டாது. அதனால்தான் உங்கள் அம்மாவின் வயதுக்காரர்களுக்கு வேறு வழி.

அதற்கு முன் குடும்பத்தில் வருமா என்ற கேள்வி. ஏபோபெக் விட்ட தடங்கள் பெரியம்மாவின் கருப்பைக் கழுத்தில் உள்ள ஒரு கலக்கூட்டத்தில் மட்டும், அவருடைய வாழ்நாளில் விழுந்தவை. சூல் முட்டையில் இல்லை. அவை பிள்ளைகளுக்கோ உங்களுக்கோ இறங்கிவராது. ஏபோபெக் பரம்பரையலகுகளே ஆளுக்கு ஆள் கொஞ்சம் வித்தியாசப்படுவது உண்டு. 3பியின் பெரும்பகுதி அறுந்துபோன ஒரு வடிவம் கிழக்காசியாவிலும் பசிபிக் தீவுகளிலும் சகஜம். ஆனால் அதைத் தேடிப் பரிசோதிக்கத் தேவையில்லை. பெரியம்மாவுக்கு வந்ததால் தனக்கும் வந்தே தீரும் என்று உங்கள் அம்மா பயப்படவேண்டியதில்லை. பெரியம்மாவுக்கு வராவிட்டாலும் உங்கள் அம்மா பரிசோதிக்கத்தான் வேண்டும்.

அம்மா ஏன் போகமாட்டேன் என்கிறார் என்று நீங்கள் எழுதவில்லை. எனக்குத் தெரிந்த காரணங்கள் மூன்று. கிளினிக் நாளில் மலைக்குக் கொழுந்தெடுக்கப் போகாவிட்டால் அன்றைய பேர் விழாது, சம்பளம் போய்விடும். யார் பரிசோதிப்பார்களோ என்ற கூச்சம். மூன்றாவதுதான் பெரியது: இது தப்பான நடத்தையால் வரும் நோய் என்ற பேச்சு. எச்.பி.வி. உடலுறவால் தொற்றுவது உண்மை. ஆனால் உடலுறவு உள்ள ஆணும் பெண்ணும் பெரும்பாலோர் வாழ்நாளில் ஒருமுறையாவது இந்தத் தொற்றைக் கண்டவர்கள்தான். தொற்றுக்கும் புற்றுநோய்க்கும் இடையில் இருபது வருடம்கூட இருக்கலாம் என்று பார்த்தோமே. இன்றைக்கு வந்த ரிப்போர்ட்டை வைத்துக்கொண்டு யாரிடமிருந்து, எப்போது என்று எந்த டொக்டராலும் சொல்லமுடியாது. பெரியம்மா விஷயத்தில் லயத்தில் யாராவது வாயைத் திறந்தால் இதைச் சொல்லி மூடவையுங்கள்.

கூச்சத்துக்குப் பதில், மிட்வைஃப் மிஸ்ஸிடமே கேட்டுவிடுவதுதான். மிஸ் கூப்பிடுகிற இந்தச் சுகவனிதையர் கிளினிக் 1996 முதல் இலங்கையில் நடக்கிறது, சுகாதார வைத்திய அதிகாரியின் எம்.ஓ.எச். ஒபிசின் கீழ். 35 வயதிலும் 45 வயதிலும் உள்ளவர்களை முக்கியமாகக் கூப்பிடுகிறார்கள். அந்த வயது சும்மா வைத்ததல்ல. இருபதுகளில் வந்த தொற்று தங்கியிருந்தால், கலங்கள் மாறியும் இன்னும் புற்றுநோயாகாத கட்டத்தில் பிடிபடக்கூடிய வயது அது. பரிசோதனை சில நிமிடங்கள்தான். கருப்பைக் கழுத்திலிருந்து சின்னக் குச்சியால் கலங்களை வழித்து ஸ்லைட்டில் பூசி அனுப்புவார்கள். சில இடங்களில் இப்போது ஸ்மியருக்குப் பதிலாக எச்.பி.வி. டி.என்.ஏ. பரிசோதனை வந்திருக்கிறது, அது வைரஸ் இருக்கிறதா என்று நேரடியாகவே பார்க்கும்.

ஸ்லைட்டில் நாங்கள் பார்ப்பது என்ன தெரியுமா? ஏபோபெக் விட்ட கடியை எந்த நுணுக்குக்காட்டியாலும் பார்க்கமுடியாது, அது ஓர் எழுத்து மாறுவது. பார்ப்பது அதற்கு முன்பாதியின் அடையாளங்களை. சாதாரண மேற்பரப்புக் கலம் அகலமாக, தட்டையாக, நடுவில் மிளகை விடச் சின்னக் கரும்புள்ளியாகக் கருவோடு கிடக்கும். வைரஸ் வேலை செய்கிற கலத்தில் கருவைச் சுற்றி வெள்ளையாக ஒரு வெற்றிடம் விழுந்திருக்கும், கரு சற்றுப் பெரிதாகிச் சுருக்கம் விழுந்திருக்கும், சிலதில் இரண்டு கரு இருக்கும். நிலை முற்றமுற்ற கரு பெரிதாகி, கருத்து, கலத்தை அடைத்துக்கொண்டு நிற்கும். அந்தக் கட்டத்தில் பிடித்தால் அந்தப் பகுதியை மட்டும் சுட்டோ வெட்டியோ எடுத்துவிடுவார்கள். பெரும்பாலோர் அன்றைக்கே வீட்டுக்கு வரலாம். "ஒரு கோளாறும் இல்லையே" என்று அம்மா சொல்கிற அந்த நிலையில்தான் இது பிடிபடவேண்டும். இந்தக் கட்டத்தில் வலியோ இரத்தமோ ஒன்றுமே இருக்காது.

அம்மாவிடம் இரண்டு விஷயம் மட்டும் சொல்லுங்கள். மாதவிடாய் நாளில் போகவேண்டாம், அது முடிந்த பிறகு ஒரு நாளைக் கேட்டு வாங்கட்டும். ரிப்போர்ட் வரச் சில வாரங்கள் ஆகலாம். வராவிட்டால் நல்லது என்று அர்த்தம் எடுக்காமல் மிஸ்ஸிடம் போய்க் கேட்கவேண்டும். அந்த இடத்தில்தான் நிறையப் பேர் தவறிப்போகிறார்கள். மாதவிடாய் நின்ற பிறகு இரத்தம் படுவது, உடலுறவுக்குப் பின் இரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் இப்படி ஏதாவது இருந்தால் 35, 45 கணக்கும் பார்க்கவேண்டாம், கிளினிக் நாளுக்கும் காத்திருக்கவேண்டாம். நேரே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போங்கள்.

பெரியம்மாவின் சிகிச்சை பற்றி, அவருடைய ரிப்போர்ட்டில் எந்தக் கட்டம் என்று போட்டிருப்பார்கள். அது தெரிந்தால் எழுதுங்கள், என்ன அர்த்தம் என்று சொல்கிறேன்.